விளக்குக் கம்பம் தூக்கிப் பிடித்த லாரி

அன்று மதியம் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. என் நடுத்தம்பி, சொந்த லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி, மருத்துவமனையில் நர்ஸ். என் கடைசித் தம்பி, எங்கள் எடை மேடையில் உட்கார்ந்து எடைச் சீட்டுப் போடுகிறவன். அவன் மனைவி, தையல்காரி. விருந்தாளியாக வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி. அவரை எல்லோரும் இரும்புக்காரர் என்றுதான் சொல்வோம். இவர்களைத் தவிர மொட்டை மாடியில் இரண்டு பிள்ளைகள். நர்ஸின் மகன், பேச்சு அதிகம் என்பதால் வீட்டில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். தையல்காரியின் மகள், எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்று பெயர். இவ்வளவுதான். "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் டயர் கடைக்காரர் அங்கே இல்லை.

எடை மேடை என்பது லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் இரும்புத் தளம். வெறும் லாரியை ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை நிறுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. விற்கிறவன் வாங்குகிறவனை நம்ப மாட்டான், வாங்குகிறவன் விற்கிறவனை நம்ப மாட்டான். இரண்டு பேரும் எங்களை நம்புவார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் சோறு அந்த நம்பிக்கையில்தான் வேகிறது. எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு இடத்தில் போய் நிறுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

இரும்புக்காரர் அதுவரை தன் லாரிகளை வேறு மேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மாதம் சோதனையாக இரண்டு லாரிகளை எங்களிடம் அனுப்பினார். திருப்தி என்றால் இனி அவருடைய எல்லா லாரியும் எங்களுக்குத்தான். பெரிய பட்டறை, பெரிய பேர். அந்தப் பேச்சை முடிக்கத்தான் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். குடும்பத்தையும் பார்க்கட்டும் என்று மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கே அழைத்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட பிறகு, பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசலாம். பேசுவதற்கு நான் சட்டம் போட்டிருக்கிறேன். மார்க் சொல்லக் கூடாது. பரிசு, கோப்பை எதுவும் சொல்லக் கூடாது. அந்த மாதத்தில் பிள்ளை கேட்டு, பெற்றவர்களால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரே ஒரு கேள்வியைத்தான் சொல்ல வேண்டும். மார்க்கைச் சொல்லிச் சொல்லி என் தம்பிமார் இருவரும் ஒரு காலத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். கேள்வியில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல கேள்வி எந்த வீட்டில் பிறந்தாலும் எல்லோருக்கும் பெருமைதான். பேச்சு முடியும்வரை பிள்ளைகள் மாடியில் இருக்க வேண்டும். தன் புகழைத் தானே கேட்கும் பிள்ளை உருப்படாது. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை, ஆகையால் நான் நடுவர். அவள் நடுவருக்கு நடுவர்.

டீ வந்தது. நர்ஸ்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, நம்ம வாத்தியாருக்குப் போன வாரம் காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயில வச்சேன். எடுத்ததும் கேக்குறான், 'அம்மா, இந்தத் தெர்மாமீட்டருக்கே காய்ச்சல் வந்தா அதை யாரு பாப்பாங்க?'"

என் மனைவி கை தட்டினாள். நடுத்தம்பி மீசையைத் தடவிக்கொண்டு, "நான் கேட்டிருந்தா எங்கப்பா முதுகுல போட்டிருப்பாரு" என்றான்.

"நீ கேட்டிருக்கவே மாட்டே" என்றேன்.

"உங்க ஆஸ்பத்திரியில கேட்டியா?" என்று என் மனைவி விசாரித்தாள்.

"பெரிய டாக்டர்கிட்டயே கேட்டேன்க்கா. சிரிச்சிட்டு, 'பையனை டாக்டருக்குப் படிக்க வை'ன்னாரு. பதில் மட்டும் சொல்லலை."

இரும்புக்காரருக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பையன் இருக்கானே, மாநில அளவில ரெண்டாவது இடம். மெடலு..."

"மெடல் கூடாதுங்க" என்றாள் என் மனைவி.

"சரி, காலேஜ்ல முதல் ரேங்க்..."

"ரேங்கும் கூடாது. கேள்வி. பையன் கேட்ட கேள்வி ஏதாவது இருக்கா?"

இரும்புக்காரர் வெகுநேரம் யோசித்தார். "பைக் எப்ப வாங்கித் தருவேன்னு கேட்டான்" என்றார்.

"அதுக்குப் பதில் சொல்ல முடிஞ்சுதா?"

"முடியலை."

"அப்ப அதைச் சேத்துக்கலாம்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காரியம் நல்லபடியாக முடியும் என்று அந்தச் சிரிப்பைப் பார்த்து நினைத்தேன்.

அடுத்தது தையல்காரி முறை. அவள் அதிகம் பேசாதவள். அன்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தயத்துக்கு இறங்குகிறவள் போல் உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தத் தடவை யாரும் ஜெயிக்க முடியாது. பத்து நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். இவர்கிட்டகூடச் சொல்லலை. சொன்னா இவரு போய் அண்ணன்கிட்ட உளறிடுவாரு, அவரு மனைவிகிட்டச் சொல்லிடுவாரு."

"நாங்க என்ன கேள்வித் திருடங்களா?" என்றாள் நர்ஸ்.

"ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானேக்கா."

"சரி, சொல்லும்மா" என்றேன்.

"துருவி என்கிட்டக் கேட்டா, 'அம்மா, நம்ம மேடைக்குப் பக்கத்துல இருக்கற விளக்குக் கம்பம் லாரியைத் தூக்கிப் பிடிக்குமா?'"

நடுத்தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இரும்புக்காரரும், "தூக்குமே, எங்கிட்டயும் ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பு தையல்காரிக்கு உற்சாகமாக இருந்தது. அவள் தொடர்ந்தாள்.

"சும்மா கேக்கலை மாமா. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாகூடச் சீட்டுப் போடற அறையில உக்காந்திருப்பா இல்ல? லாரி மேடை நடுவுல போட்டிருக்கற கோட்டுல நின்னு எடை போட்டு முடிச்சதும், டிரைவர் சீட்டு வாங்கறதுக்காகக் கொஞ்சம் முன்னாடி நகத்தி, கம்பத்துக்குப் பக்கத்துல நிறுத்துவாங்களாம். அப்பவும் லாரி மேடை மேலதான் இருக்குமாம். ஆனா நம்பர் குறைஞ்சிடுதாம். அதே லாரி, அதே சரக்கு, ஆள்கூட இறங்கலை. ஒரு லாரிக்கு நூத்தி அம்பது கிலோ, இன்னொண்ணுக்கு இருநூறு கிலோ. அவளா யோசிச்சு, கம்பம்தான் ஏதோ பிடிச்சுத் தூக்குதுன்னு..."

கடைசி வார்த்தையில் அவள் குரல் நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசித் தம்பி முகம் வெளுத்துப் போயிருந்தான். 

இரும்புக்காரர் டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "என் லாரி ரெண்டும் எங்க நின்னுச்சு தம்பி?" என்று கடைசித் தம்பியைக் கேட்டார்.

"கோட்டுலதாங்க. நடுக்கோட்டுல நின்னாத்தான் சீட்டுப் போடுவேன். அது அண்ணனோட சட்டம்." பிறகு அவசரமாகச் சொன்னான், "லாரி நகரும்போது நம்பர் ஆடுங்க. குழந்தை அதைப் பார்த்துட்டு ஏதோ சொல்லியிருக்கு."

"நின்ன பிறகுதான் பார்த்தேன்னு சொன்னாளே" என்றாள் தையல்காரி, மெதுவாக.

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"நான் சும்மாதான் இருந்தேன். பத்து நாளா."

இரும்புக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. என்னைச் சங்கடத்திலிருந்து கைதூக்கிவிடத்தான் பார்த்தார். "விடுங்க பெரியவரே. சின்னப் புள்ளை. வேடிக்கைக்குக் கதை கட்டியிருக்கும். நான் இதை மனசுல வச்சுக்க மாட்டேன். நம்ம பேச்சைப் பேசுவோம்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். காரியம் முடிந்திருக்கும். மேடையின் பேரும் நின்றிருக்கும். அதற்கு விலை ஒன்றே ஒன்றுதான்: துருவி கதை கட்டுகிறவள் என்று ஒரு வெளியாள் முன்னிலையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பொம்பளைப் பிள்ளை மேல் அப்படி ஒரு சொல் ஒட்டினால் ஆயுசுக்கும் உதிராது. நாளைக்கு அவள் நெருப்பு என்று கத்தினாலும் யாரும் வாளி எடுக்க மாட்டார்கள்.

"எங்க வீட்டுப் பிள்ளை கதை கட்டாது" என்றேன். "எங்க மேடையும் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. ரெண்டுல எது தப்புன்னு போய்ப் பார்ப்போம். துருவியைக் கூப்பிடு."

பேச்சு முடிவதற்குள் ஒரு பிள்ளை மாடியிலிருந்து இறங்கியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. துருவி வாசற்படியிலேயே நின்றாள். பின்னால் வாத்தியார்.

"பெரியப்பா, நான் எதையும் உடைக்கலை" என்றாள்.

"உடைச்சேன்னு யார் சொன்னா? இங்க வா. கம்பத்துப் பக்கம் போனா எடை குறையுதுன்னு அம்மாகிட்டச் சொன்னியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். "ஆமா" என்றாள் துருவி.

"லாரி ஆடிக்கிட்டு இருந்தப்பப் பார்த்தியா?"

"இல்ல பெரியப்பா. டிரைவர் எஞ்சினை அணைச்சுட்டு இறங்காம சிகரெட் பத்த வச்சாரு. அப்பப் பார்த்தேன். சிகரெட் முடியற வரைக்கும் அதே நம்பர்தான் இருந்துச்சு."

இரும்புக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"கோட்டுல நிக்கறப்ப வர்ற நம்பர்தான் நம்பர், மத்ததெல்லாம் பார்க்காதேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

கடைசித் தம்பி அப்படிச் சொன்னதில் தவறில்லை. நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அது.

எல்லோரும் எழுந்து நடந்தோம். மேடை எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆகையால் கேட் பூட்டியிருந்தது. கடைசித் தம்பி சாவி போட்டுத் திறந்தான். சீட்டு அறையில் மின்சாரத்தைப் போட்டான். வெளியே பலகையில் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் வந்தது.

"லாரி வேணுமே" என்றார் இரும்புக்காரர். நடுத்தம்பியின் லாரி ரிப்பேருக்காகப் பட்டறையில் கிடந்தது.

"லாரி எதுக்கு?" என்றாள் துருவி. "நாமளே நிக்கலாமே."

 நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். "நான் வரலைப்பா. என் எடை வெளியில தெரிய வேணாம்."

"எல்லாரையும் சேர்த்துத்தான் காட்டும் பெரியம்மா. தனித்தனியாத் தெரியாது. ஆள் நிறைய இருந்தாத்தான் நல்லது" என்றாள் துருவி.

"பெருந்தன்மையான மேடை" என்றாள் என் மனைவி, முதல் ஆளாக ஏறிக்கொண்டே.

துருவியும் அவள் அப்பாவும் சீட்டு அறைக்குள் போனார்கள். மற்ற எல்லோரும் மேடையின் வாசல் பக்க முனையில் நெருக்கிக்கொண்டு நின்றோம். நான், என் மனைவி, நடுத்தம்பி, நர்ஸ், தையல்காரி, வாத்தியார், இரும்புக்காரர். இத்தனை வருடத்தில் நான் அந்த மேடை மேல் செருப்போடு ஏறியதே இல்லை. இரும்புக்காரர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"நானூத்தி எழுபது" என்று ஜன்னலுக்குள்ளிருந்து துருவியின் குரல் வந்தது. "இப்ப எல்லாரும் கம்பத்துப் பக்கம் போங்க. கீழ இறங்காதீங்க. யாரும் எதையும் கீழ வைக்காதீங்க."

ஊர்வலம் போல நடந்தோம். கம்பத்துக்குப் பக்கத்து முனையில் போய் நின்றோம்.

"நானூத்தி அம்பது."

பலகையைத் திரும்பிப் பார்த்தேன், சிவப்பில் அதே எண்.

"யாராவது மூச்சை உள்ள இழுத்துட்டீங்களா?" என்றார் இரும்புக்காரர்.

"மூச்சுக்கு எடை காட்டாதுங்க" என்றான் நடுத்தம்பி. அவன் குரலில் சிரிப்பு இல்லை.

என் மனைவி மட்டும், "இருபது கிலோ குறையுதுன்னா நான் இங்கயே குடிவந்துடறேன்" என்றாள். தையல்காரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

போதும் என்று நான் இறங்கப் போனேன். ஜன்னலில் துருவியின் தலை தெரிந்தது. "பெரியப்பா, இறங்காதீங்க. திரும்ப வாசப் பக்கம் போங்க. ஒரு தடவை பார்த்தா போதாது."

போனோம். நானூற்று எழுபது. மறுபடி கம்பத்துப் பக்கம் வந்தோம். நானூற்று ஐம்பது. பிறகு நடுக்கோட்டில் நிற்கச் சொன்னாள். நானூற்று அறுபது.

"பாத்தீங்களா, கோட்டுலயும் குறையுது" என்றாள். "கொஞ்சமாக் குறையுது. அதான் யாருக்கும் தெரியலை."

மேடையில் நின்றபடியே அவளைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அதிகாரிகள் வந்து எங்கள் மேடையைச் சோதித்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை சோதித்த மாதிரி, அலட்டிக்கொள்ளாமல், முகம் பார்க்காமல், தன் அப்பாவின் அறையிலிருந்தே அப்பாவின் மேடைக்கு எதிராக எண்ணைப் படித்த மாதிரி ஒருவரும் படித்ததில்லை. பக்கத்தில் வாத்தியார் தன் அம்மாவின் கையை இழுத்து, "தெர்மாமீட்டருக்குக் காய்ச்சல்" என்றான். அவனை யாரும் அதட்டவில்லை.

கடைசித் தம்பி வெளியே வந்தான். தலை குனிந்திருந்தது. இரும்புக்காரர் அவன் முதுகில் தட்டிவிட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

"பெரியவரே, இயந்திரம்னா பழுது வரும். யாருக்கும் தெரிய வேணாம். இன்னைக்கே ஆளை வச்சு சரி பண்ணிடுங்க. நாளைக்கு வழக்கம் போலத் திறங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்க மாட்டீங்க. நான் திறக்கணுமே" என்றேன்.

சீட்டு அறையின் வெளியே ஒரு கரும்பலகை உண்டு. சுண்ணக்கட்டியை எடுத்துக் கடைசித் தம்பியிடம் கொடுத்தேன். "மேடை தவறாக எடை காட்டுகிறது. சரிசெய்து, அரசு முத்திரை பெறும்வரை எடை போடப்படாது. எழுது."

அவன் எழுதத் தொடங்கி நின்றான். "அண்ணா, பராமரிப்பு வேலைன்னு போட்டுடலாமே. எல்லா இடத்துலயும் அப்படித்தான் போடுவாங்க."

"பராமரிப்பா நடக்குது இங்க? தவறு. தவறுன்னே எழுது. எழுத்துப் பெரிசா இருக்கட்டும்."

எழுதினான். தையல்காரி என்னிடம் வந்து, "என்னாலதான் மாமா. அன்னைக்கே இவர்கிட்டச் சொல்லியிருக்கணும். பெருமை பேசலாம்னு பதுக்கி வச்சேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"பதுக்கி வச்சது தப்புதான்" என்றேன். "பெருமை தப்பில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்துட்டுப் பெருமைப்படாம இருக்க முடியுமா? இனிமே மேடையைப் பத்தின கேள்வியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதே. அன்னைக்கே சொல்லிடு. இது புதுச் சட்டம்."

மறுநாள் ஆட்கள் வந்து கம்பத்துப் பக்கத்துத் தகட்டைத் தூக்கினார்கள். மூலையில், தளத்துக்கும் அடியில் இருந்த சிமெண்டுக்கும் இடையே, ஒரு கருங்கல் துண்டு இறுகச் சிக்கியிருந்தது. அந்த முனையில் ஏறும் பாரத்தில் ஒரு பங்கை அந்தக் கல் தாங்கிக்கொண்டிருந்தது. எந்த லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்து உள்ளே போனதோ தெரியாது. துருவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கம்பம் இல்ல, கல்லு" என்றாள். "ஆனா ஏதோ தூக்கிப் பிடிக்குதுன்னு சொன்னது சரிதானே பெரியப்பா?"

"சரிதான்" என்றேன்.

"அப்ப கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சு. இனி இது போட்டியில சேராதே."

"இது சேரும்" என்றேன். நடுவர் தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான்.

அதிகாரி வந்தார், எடைக்கற்களை ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்தார், முத்திரை போட்டார். அதற்கு முந்தைய முத்திரைக்குப் பிறகு எங்கள் மேடையில் ஏறிய லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கடைசித் தம்பியைப் போன் செய்து சொல்ல வைத்தேன். சிலர் திட்டினார்கள். சிலர் வேறு மேடைக்குப் போய்விட்டார்கள், இன்னும் திரும்பவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரும்புக்காரர் மட்டும் தன் லாரிகள் எல்லாவற்றையும் எங்களிடம் அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அந்த மேடையும் தப்புக் காட்டலாம், இந்த மேடையும் தப்புக் காட்டலாம். அங்க கேக்க ஒரு புள்ளை இல்லையே."

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு தையல்காரி அந்தக் கேள்வியை முதலிலிருந்து மறுபடி சொன்னாள். முழுதாகச் சொன்னாள். யாரும் குறுக்கே பேசவில்லை. கடைசித் தம்பி அவளைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை அன்று மாடிக்கு அனுப்ப மறந்துவிட்டோம் என்று பிறகுதான் என் மனைவி கவனித்தாள். நான் முன்பே கவனித்திருந்தேன்.

இப்போது கடைவீதியில் ஒரு பேச்சு உலவுகிறது. இரும்புக்காரர் சந்தேகப்பட்டு வந்தார், அவரே மேடையில் ஏறி நின்று சோதித்தார், அவர்தான் தவறைப் பிடித்தார், வேறு வழியில்லாமல் நான் மேடையை மூடினேன் என்று. அது தவறு. இரும்புக்காரர் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடையை மூடியது நான். தவறைப் பிடித்தது என் கடைசித் தம்பியின் மகள். அவளுக்கு வயது எட்டு.